கழுத்திலிருந்து மார்புக்கு

பல்வலியை நோயென்றே மதியாத வழக்கம் நம் சிற்றூர்களில் இன்றும் உண்டு. புதுவையை அடுத்த வில்லியனூரிலும் பாகூரிலும், ஈறு வீங்கினால் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குச் செல்வோரைக் காணலாம். ஆனால் சீழ் பிடித்து அது கழுத்துக்கு இறங்குமாயின் உயிருக்கே உலை வைக்கும். கழுத்துத் தசைகளைப் போர்த்திய சவ்வுகளுக்கிடையே மார்பினுள் திறக்கும் இடைவெளிகள் உள்ளன. நாம் மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு தடவையும் சீழ் அவ்வழியே கீழே இழுக்கப்படுகிறது. இரு நுரையீரல்களுக்கும் நடுவே, இதயத்தைச் சூழ்ந்து பரவுகிறது.

அந்த இடத்தின் பிணிகளை முன்னோர் அறியாதவரல்லர். ஸ்பெயினின் இஷ்பீலியா நகரில் வாழ்ந்து 1162-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர், மார்பின் நடுவிடத்தில் தோன்றும் கட்டியைப் பற்றித் தம் ‘தைஸீர்’ நூலில் எழுதினார். அறிவு இருந்தது, உயிருள்ளவரின் மார்புக்குள் காணும் கண் இல்லை. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரேயும் உறுப்புகளை ஒன்றின்மேல் ஒன்று படிந்த நிழலாகவே காட்டிற்று. 1938-இல் பியர்ஸ் என்ற அறுவை மருத்துவர் இத்தகைய நோயாளிகள் 110 பேரைப் பற்றி எழுதியபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டிருந்தனர்.

1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு ஆக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979-இல் அவரும் கார்மக்கும் நோபல் பரிசு பெற்றனர். உடல் முழுவதையும் அடுக்கடுக்காகக் காணும் வசதியும் வந்தது. சீழ் தேங்கிய இடமும், அதில் தோன்றும் காற்றுக் குமிழிகளும் அதில் தெளிவாகத் தெரியும். 1999-இல் ஜப்பானின் எண்டோ முதலியோர் ஸ்கேனைக் கொண்டே இந்நோயை வகைப்படுத்தினர். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலேயே சீழ் நின்றால் பெரும்பாலும் கழுத்து வழியாக வடித்துவிடலாம். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் மார்பு வழியாகவும் அறுவை தேவைப்படும். ஆகவே கழுத்தை மட்டுமன்றி மார்பையும் சேர்த்தே படமெடுத்தல் வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் ஜிப்மர் என்று பெயர்பெற்ற பெருமருத்துவமனை புதுவையிலேயே இருக்கிறது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் அது எட்டாத தொலைவன்று. நாம் கடக்க வேண்டியது நம் அலட்சியத்தையே. வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் கழுத்து வீங்கினால், அதிலும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. நீரிழிவுக்காரருக்கு ஆபத்து இன்னும் மிகுதி. பிணிக்கு மருந்தையும் படைத்தவன் இறைவன். அதைத் தேடிச் செல்லும் கடமை நம்முடையது.