சொல்லை ஆண்ட நடிகர்

எங்கள் வலங்கைமான், ஆங்கிலச் சொல்வன்மையால் உலகோர் உள்ளம் கவர்ந்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் 1869ஆம் ஆண்டு பிறந்த ஊர். பொதுவாழ்வில் புகுமுன் அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கியவர். திருத்தமான பேச்சுக்கு அவரை எடுத்துக்காட்டாகக் கூறும்போதெல்லாம், மற்றொரு பெயரையும் நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அது நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் பெயர். 'சினிமா நடிகரா?' என்று மாணவர் வியப்பர். அவ்வியப்புக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

தஞ்சையை அடுத்த சூரக்கோட்டையைச் சொந்த ஊராகக் கொண்ட கணேசன், 1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் விழுப்புரத்தில் பிறந்தார். ஏடு பயிலும் இளவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட அக்குழுக்களே அவருக்குப் பள்ளியும் கல்லூரியுமாயின. பாட்டு, ஆட்டம், வசனம் அனைத்தும் அங்கே பாடங்கள். சீதை முதலிய பெண் வேடங்களும் அவர் பூண்டார். பின்னர் அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்னும் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்தார். அது கண்டு தந்தை பெரியார் சூட்டிய பெயரே 'சிவாஜி'.

1952ஆம் ஆண்டு தீபாவளியன்று 'பராசக்தி' வெளிவந்தது. வசனம் தீட்டிய மு. கருணாநிதி, காவிரிக் கடைமடைத் திருக்குவளையில் பிறந்தவர். மெலிந்த அப்புதுமுக இளைஞர் தகுவாரா எனச் சிலர் ஐயுற்றபோதும், படமெடுத்த பெருமாள் முதலியார் உறுதியாய் நின்றார். நீதிமன்றக் காட்சி அவ்வையத்தை அடியோடு போக்கிற்று. ஒரே நாளில் வந்த வெற்றி என உலகம் எண்ணியது. உண்மையில் அதன் பின்னே பத்தாண்டுக்கு மேற்பட்ட மேடைப்பயிற்சி இருந்தது.

1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் அது அவருக்குச் சிறந்த நடிகர் விருதைத் தேடித் தந்தது. எங்கள் பள்ளி ஆண்டுவிழாக்களில் கட்டபொம்மன் வேடமிடாத ஆண்டு அரிது. ஆயின் சிறுவர் முதற்சொல்லிலேயே முழுக்குரலையும் செலவழித்து, முடிவில் மூச்சிரைத்து நிற்பர். கணேசனோ தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாய் ஏறுவார். உரிய இடத்தில் நிறுத்துவார். அந்நிறுத்தத்தில்தான் பொருள் பிறக்கிறது.

சொல் இல்லாத இடத்திலும் அவர் நடித்தார். 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாகசுரக் கலைஞர். இசைத்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். எனினும் விரலசைவும் கன்னத்தின் உப்பலும் மூச்சின் இழுப்பும் இசையோடு ஒன்றின. பிறந்தது முதல் கோயில் வாசலில் நாகசுரம் கேட்டு வளர்ந்த எங்கள் பகுதி மக்களே அதில் குறை காணவில்லை.

அவருடையது மிகைநடிப்பு என்பாரும் உளர். சில படங்களுக்கு அது பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டிய மேடையில் பயின்றதன் விளைவு அது. ஆனால் 1985இல் 'முதல் மரியாதை'யில் அதே நடிகர், மனத்துயரை மறைத்து வாழும் கிராமப் பெரியவராய், குரலடக்கிக் கண்ணாலேயே பேசினார். ஐம்பத்தாறு வயதிலும் தம்மை மாற்றிக்கொண்ட மாணவர் அவர்.

எல்லாத் துறையிலும் அவர் வெல்லவில்லை. 1989 தேர்தலில் சொந்த மண்ணான திருவையாற்றில் தோல்வியே கண்டார். கலையோ அவரைக் கைவிடவில்லை. 1995இல் பிரெஞ்சு நாட்டின் செவாலியே விருதும், பின்னர் தாதாசாகேப் பால்கே விருதும் வந்தன. 2001ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவ அன்பர்களே! சாஸ்திரியார் வகுப்பறையிலிருந்து வந்தவர். கணேசன் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர். இருவர்க்கும் பொதுவானது, ஒரு சொல்லையும் பழகாமல் வெளியிடாத ஒழுக்கம். அவர்தம் குரலை நாம் பெற இயலாது. அவ்வொழுக்கத்தைப் பெற இயலும்.