ஒன்றுக்கு இருபது

கோல்ப் என்றால் இன்று நூற்றுவர் கூடிப் பல நாள் ஆடும் போட்டியே நம் நினைவுக்கு வரும். முதல் ஓப்பன் போட்டி நிகழ்ந்தது 1860-இல். அதற்கு முன், ஸ்காட்லாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிரெதிரே நிறுத்தி, வெல்பவர் யார் என்று பணம் கட்டுவதே பெருவழக்காக இருந்தது.

1849-இல் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ஆலன் ராபர்ட்சனும் டாம் மாரிஸும், மஸ்ஸல்பரோவின் இரட்டையரான டன் சகோதரர்களை 400 பவுன் பந்தயத்தில் எதிர்த்தனர். (கொல்கத்தா நேயர்கள் அறிந்த ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் இதற்கும் இருபதாண்டு மூத்தது!) களங்கள் மூன்று. ஒரு களத்தில் எத்தனை குழிகள் மிகுதியாக வென்றாலும், அது ஒரு வெற்றியாகவே கணக்கிடப்படும். மதிப்பிடுவோர் முதலில் நோக்கவேண்டியது இவ்விதியையே. மஸ்ஸல்பரோவில் டன் சகோதரர்கள் எதிரிகளை நசுக்கினர்; செயின்ட் ஆண்ட்ரூஸில் அவ்வூரார் வென்றனர். அவரவர் மண் அவரவருக்குக் கைகொடுத்தது. முந்தைய பெருவெற்றிக்கு இனிப் பயனில்லை.

மூன்றாவது களம் நார்த் பெரிக். எட்டுக் குழிகள் எஞ்சியபோது டன் சகோதரர்கள் நான்கு குழி முந்தியிருந்தனர். எதிரணிமேல் ஒரு பவுன் கட்டினால் இருபது தருவதாகக் கூவினர். முன்னிலை பெரிதுதான், ஆயினும் அவ்விகிதம் மிகையென்றே கூறுவேன். இரு குழிகள் எஞ்சியபோது ஆட்டம் சமமாயிற்று. அப்போது டன் சகோதரர்களின் பந்து ஒரு கல்லையொட்டிச் சிக்கிக்கொண்டது. பின்புறம் புல்லுக்குத் தட்டிவிடாமல், மாறிமாறி அடித்து அடிகளை வீணாக்கினர். ராபர்ட்சன் அணி இரண்டு குழி வித்தியாசத்தில் வென்றது.

முதல் ஓப்பனுக்கு முந்தைய ஆண்டே, 1859-இல், ராபர்ட்சன் மறைந்தார். மாரிஸ் அப்பட்டத்தை நான்குமுறை வென்றார்.