ஈர்ப்பும் குவாண்டமும்: இணைப்பு தேவைதானா?

1915 நவம்பரில் பெர்லின் நகரில் ஐன்ஸ்டீன் தமது பொதுச் சார்பியல் கோட்பாட்டை நிறைவு செய்தார். ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவே என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே அவர் ஓர் இடர்ப்பாட்டைச் சுட்டிக்காட்டினார். கோட்பாட்டின்படி, அணுவினுள் இயங்கும் எலெக்ட்ரான் மிகச் சிறிதளவேனும் ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழக்க வேண்டும். இயற்கையில் அவ்வாறு நிகழ்வதாகத் தோன்றவில்லை. ஆகவே குவாண்டம் கோட்பாடு மின்காந்தவியலை மட்டுமன்றி ஈர்ப்பியலையும் திருத்தியாக வேண்டும் என்றார் அவர்.

அத்திருத்தத்திற்கான முதல் முயற்சியை 1930இல் மேற்கொண்டவர் பெல்ஜிய அறிஞர் லெயோன் ரோசன்ஃபெல்ட். மின்காந்தப் புலத்தின் அளவீடு குவாண்டம் விதிகளோடு முரண்படாது என்பதை அவரும் நீல்ஸ் போரும் 1933இல் நிறுவினர்.

ஈர்ப்புக்கும் அது பொருந்துமா என்று 1936இல் ஆராய்ந்தவர் லெனின்கிராடில் வாழ்ந்த மத்வேய் பிரான்ஸ்டீன். புலத்தை நுட்பமாக அளக்க, சிறிய இடத்தில் அடங்கிய கனமான சோதனைப் பொருள் வேண்டும். மின்காந்தவியலில் இதற்குத் தடையில்லை. ஈர்ப்பிலோ, நிறையைக் குவிக்கக் குவிக்க, ஓர் எல்லையில் அப்பொருள் தன் ஈர்ப்பிலேயே சிறைப்பட்டு அளவீட்டுக்கு உதவாமற் போகிறது. எனவே இடம், காலம் பற்றிய கருத்துகளையே மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் உணர்ந்தார். அவ்வாய்வைத் தொடர அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. ஸ்டாலின் ஆட்சியில் 1937 ஆகஸ்டில் கைதான அவர், 1938 பிப்ரவரி 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31. 1957இல்தான் அவர்மீது சுமத்தப்பட்ட பழி நீக்கப்பட்டது.

அதே ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் சாப்பல் ஹில் நகரில் ஈர்ப்பியல் மாநாடு கூடியது. ஒரு குவாண்டம் நிகழ்வைப் பொறுத்து ஒரு பந்து இங்கோ அங்கோ அமையுமானால், அதன் ஈர்ப்பும் அவ்விரு நிலைகளையும் ஒருங்கே கொண்டிருக்க வேண்டும்; இன்றேல் குவாண்டம் விதிகளே எங்கோ பிழைபடும் என்று வாதிட்டார் ரிச்சர்டு ஃபைன்மன். அம்மாநாட்டில் பங்கேற்ற ரோசன்ஃபெல்டுக்கு ஐயம் இருந்தது. இத்தேவையைத் தர்க்கத்தால் மட்டும் நிலைநாட்ட இயலாது, சோதனையே தீர்ப்பளிக்க வேண்டும் என்று அவர் 1963இல் எழுதினார். இணைப்புக்கு முதலில் முயன்றவரே இவ்வையத்தை எழுப்பினார் என்பது கருதத்தக்கது.

ஆனால் சோதனை எளிதன்று. புரோட்டானுக்கும் எலெக்ட்ரானுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைப்போல் ஏறத்தாழ 10இன் 39ஆம் அடுக்கு மடங்கு வலியது. 1981இல் பேஜ், கெயில்கர் ஆகியோர் கதிரியக்கச் சிதைவின் முடிவுக்கேற்ப ஈயப் பந்துகளை வைத்து, முறுக்குத் தராசினால் அவற்றின் ஈர்ப்பை அளந்தனர். இரு நிலைகளின் சராசரியைத் தராசு காட்டவில்லை; பந்து காணப்பட்ட நிலையையே காட்டியது. ஈர்ப்பைப் பழைய வடிவிலேயே வைத்துக்கொள்ள முனைந்த எளிய கருத்தொன்று இதனால் வலுவிழந்தது, வழக்கு முடியவில்லை.

இரு நுண்பொருள்களை ஈர்ப்பு மட்டுமே குவாண்டம் முறையில் பிணைக்குமா என்று சோதிக்கும் திட்டத்தை 2017இல் இரு குழுக்கள் தனித்தனியே முன்வைத்தன. பிணைக்குமாயின் ஈர்ப்பும் குவாண்டம் தன்மை உடையதே என்பது அவர்கள் வாதம். 2023இல் ஜொனாதன் ஓப்பன்ஹைம், ஈர்ப்பு குவாண்டமாகாமலே, ஆயினும் தற்செயலான ஏற்ற இறக்கங்களுடன் இயங்கலாம் என்னும் மாற்றுக் கோட்பாட்டை வெளியிட்டார்.

ஒரே இயற்கைக்கு ஒரே விதித்தொகுப்பு வேண்டும் என்பது மனித மனத்தின் விழைவு. இயற்கையின் நியதியும் அதுதானா என்பதைக் காட்டும் அளவீடு இன்னும் நிகழவில்லை. 1916இல் அறிஞர் ஒருவரின் கூற்றாகத் தொடங்கிய தேவை, நூறாண்டு கடந்தும் ரோசன்ஃபெல்ட் கோரிய சோதனைக்காகவே காத்திருக்கிறது.