குடிபெயர்வோர் உடல் தகுதிச் சோதனை (புதுச்சேரி)

பிழைப்புக்காகவோ நிலையாக வாழவோ கடல் கடந்து போகிறவரை, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் மருத்துவர் பார்த்துத் தகுதி உண்டு, இல்லை என்று முடிவு சொல்லும் முறை. புதுச்சேரியில் இதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல்களில் தொடங்கி, இன்று வளைகுடா வேலைக்காக எடுக்கும் எக்ஸ்ரே வரை அது நீள்கிறது. போனவர் நோயில் விழுந்தால் நட்டம் யார் தலையில் விழும் என்று கேட்டுப் பார்த்தால், ஒவ்வொரு காலத்துச் சோதனையும் ஏன் அப்படி இருந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

தொடக்கம்

பிரெஞ்சு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக முதலில் போனவர்கள் யானத்துத் தெலுங்கர்கள். 1828இல் அவர்களில் 15 பேர் 'துர்குவாஸ்' என்ற கப்பலில் பூர்போன் தீவுக்கு (இன்றைய ரீயூனியன்) ஏற்றப்பட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மேலும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்கவில்லை, நடத்திய விதமும் சரியில்லை என்று அந்த முயற்சி விரைவில் முறிந்துபோனது.

1848 ஏப்ரல் 27ஆம் நாள் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. தோட்ட முதலாளிகளுக்கு உடனே ஆள் தேவைப்பட்டது. மறு ஆண்டே புதுச்சேரி வணிக நிறுவனங்கள் கூடிக் குடிபெயர்வுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டன. ஆள் திரட்டுவது, டிப்போவில் தங்கவைப்பது, கப்பலேற்றுவது எல்லாம் அதன் கையில். ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தவர்கள் மேஸ்திரிகள். அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பிரெஞ்சு இந்தியா சின்னஞ்சிறு நிலம் என்பதால் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கில ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தஞ்சை மாவட்டத்திலிருந்து காரைக்காலுக்கு ஆளைக் கடத்துகிறார்கள் என்று ஆங்கில அதிகாரிகள் விடாமல் புகார் எழுதினார்கள். அடம்பிடிக்கும் குழந்தையை மிரட்டத் தமிழ் வீடுகளில் கூப்பிடும் பிள்ளைபிடிக்காரன் அந்தக் காலத்தில் வெறும் பூச்சாண்டி அல்ல.

தலைக்குக் கமிஷன் என்று இருக்கும் இடத்தில் சோதனை எப்படி நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. மருத்துவர் கழிக்கும் ஒவ்வொருவருக்கும் மேஸ்திரி செலவழித்த சோறும் வழிச்செலவும் வீண். 1852 மார்ச் 27ஆம் நாள் பிரெஞ்சு அரசாணை ஒன்று குடியேற்றக் கப்பல்களுக்கு விதிமுறை வகுத்தது. 1853 மே 6ஆம் நாள் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து ஏற்றிய முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களை மார்த்தினிக் தீவின் சேன்-பியேர் துறையில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் முதல் இந்தியர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்கும் அந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். டிப்போவில் தப்பிய பேதியும் அம்மையும் நடுக்கடலில் முழுக் கப்பலையும் பற்றிக்கொள்ளும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

1861 உடன்படிக்கை

புதுச்சேரிச் சோதனையின் வரலாற்றில் மிகவும் கனமான ஆவணம், 1861 ஜூலை 1ஆம் நாள் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை. ஆங்கில இந்தியக் குடிகளைப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு அனுப்ப இது வழிவிட்டது. பதிலுக்கு, ஆள் ஏற்றும் பிரெஞ்சுத் துறைகளில் ஓர் ஆங்கில முகவர் இருப்பார். போகிறவர் விரும்பித்தான் போகிறாரா, எங்கே போகிறோம், எவ்வளவு நாள் பயணம், என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் தெரிந்துதான் கைநாட்டு வைத்தாரா என்று அவர் நேரில் கேட்டறிய உரிமை உண்டு. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கப்பலில் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தாக வேண்டும். நன்னம்பிக்கை முனைக்கு மேற்கே போகும் கப்பல்கள் ஆகஸ்ட் 1 முதல் மார்ச் 15 வரைதான் புறப்படலாம். முனையின் குளிர்கால அலைகளுக்கும் கடுங்குளிருக்கும் மெல்லிய துணியோடு போகிறவர்களின் உடம்பு தாங்காது என்பதே காரணம்.

இந்த உடன்படிக்கையின் இரண்டு விதிகள் உடல் தகுதியோடு நேராகத் தொடர்புடையவை. நோயாலோ ஊனத்தாலோ வேலை செய்ய இயலாமல் போனவரை, ஒப்பந்தக் காலம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், பிரெஞ்சு அரசு தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. மேஸ்திரியின் கமிஷன் ஒரு பக்கம் இழுத்தால் அரசின் திருப்பி அனுப்பும் செலவு மறுபக்கம் இழுத்தது. மருத்துவர் கண்டிப்புக் காட்டக் காசுக் காரணம் ஒன்று பிறந்தது.

இன்னொன்று பெண்களின் விகிதம். ஆண்கள் தொகையில் கால் பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், மூன்று ஆண்டு கழித்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி என்று அது ஏறிக்கொண்டே போனது. தனித்துப் போன ஆண்கள் நிறைந்த தோட்டங்களில் குடும்ப வாழ்வு அமையட்டும் என்பது நோக்கம். நடைமுறையில், பெண்கள் தொகை எட்டாவிட்டால் கப்பல் நங்கூரம் எடுக்க முடியாது. அதனால் ஆண்களிடம் பார்த்த குறையைப் பெண்களிடம் பார்க்காமல் விடுவது வழக்கமாயிற்று. ஆங்கிலக் குடியேற்றங்களிலும் இதே குறை சொல்லப்பட்டது.

மருத்துவர் பார்த்தவை

கண், நாக்கு, மார்பு, மண்ணீரல், தோல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தொழுநோய், யானைக்கால், மேகநோய், சொறிசிரங்கு, தீராத காய்ச்சல் இவை கழிக்கும் காரணங்கள். அம்மைத் தழும்பு இருந்தால் நல்லது. இல்லாதவருக்கு அம்மைப்பால் குத்துவார்கள். உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. மண்வெட்டி பிடிக்காத கை கரும்புக்கு உதவாது என்பது கணக்கு. நெசவாளரும் கோயில் சேவகரும் எழுத்து வேலைக்காரரும் பஞ்சத்தில் அடிபட்டு டிப்போவுக்கு வந்தபோது அவர்களைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கைதான்.

எடையைப் பொறுத்தவரை ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. சென்னைத் துறையிலிருந்து நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களின் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடல் அடையாளம் எல்லாவற்றுக்கும் அவற்றில் கட்டம் உண்டு, எடைக்கு இல்லை. உயரத்தைக் குறித்தது ஓடிப்போனால் பிடிப்பதற்கு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வந்தவர்களை நிறுத்துப் பார்த்திருந்தால் கப்பல்கள் பாதி காலியாகவே போயிருக்கும். டிப்போவில் சில வாரம் சோறு போட்டுத் தேற்றுவதே வழி. அந்தக் காலத்தில் மருத்துவர் தேடியது மெலிவை. பருமன் கவலை தருவதற்கு இன்னும் நூறு ஆண்டு ஆகவேண்டியிருந்தது.

புதுச்சேரிக்குக் கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். சலங்கு என்னும் தைத்த படகில் அலைகளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். 1860களில் இரும்புப் பாலம் வந்த பிறகும் சலங்கு ஒழியவில்லை. கப்பலேறிய பின் பொறுப்பு கப்பல் மருத்துவருடையது. ஆங்கிலக் குடியேற்றக் கப்பல்களில் அவருக்குச் சம்பளம், உயிரோடு கரையிறக்கிய தலை எண்ணிக்கையைப் பொறுத்தது. ஏற்றுகிறவனுக்கும் தலைக்குக் கூலி, காப்பாற்றுகிறவனுக்கும் தலைக்குக் கூலி. பின்னதுதான் ஓரளவு வேலை செய்தது.

சேரும் கரை

ரீயூனியனில் 1859இல் 'மஸ்கரேஞ்' என்ற கப்பல் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களோடு காலராவையும் கொண்டுவந்தது. அதன் பிறகு தலைநகர் சேன்-தெனிக்குச் சற்றுத் தொலைவில், மலையிடுக்கான கிராந்த் ஷலூப் கடற்கரையில் தனிமை மனைகள் எழுந்தன. வந்து இறங்கியவர் அங்கே தங்கி, மருத்துவர் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பின்பே தோட்டத்துக்குப் போக முடியும். அந்தக் கட்டடங்கள் இன்று பழுதுபார்க்கப்பட்டுக் காட்சிக்கூடமாக நிற்கின்றன. பக்கத்துத் தீவான மொரிசியசில் இன்னும் கொடுமை. 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் பயணிகளை ஆளில்லாத கபிரியேல் தீவில் இறக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். தீவின் நலம் காக்கப்பட்டது, வந்தவர்களின் நலத்துக்குப் பொறுப்பேற்க ஆளில்லை.

தோட்டங்களில் தொழிலாளர் படும் பாட்டை விசாரிக்க 1877இல் இரு நாட்டுக் குழு ஒன்று ரீயூனியனுக்குப் போனது. ஆங்கிலத் தரப்பில் கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுத் தரப்பில் மியோ. விளைவாக 1882 நவம்பரில் ஆங்கில இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் போவதை நிறுத்தியது. பிரெஞ்சு கயானாவுக்கு 1876லேயே தடை வந்திருந்தது. குவாதலூப்புக்கு 1888இல் வந்தது. அதற்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,500 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ரீயூனியனுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பக்கத்து வழிகள்

காரைக்காலுக்குத் தெற்கே அரை நாள் நடை தூரத்திலுள்ள நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் அங்கிருந்த டிப்போவில் ஒரு முறை, பினாங்கு அருகே ஜெரஜாக் தீவில் மறுமுறை சோதிக்கப்பட்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். தனுஷ்கோடி வரை ரயில் போன பின், இலங்கை அரசே இந்திய மண்ணில் நடத்திய அந்த முகாமில் அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, சில நாள் அடைத்துவைத்தே படகேற்றினார்கள்.

காகிதம் உடம்பை மிஞ்சிய இடம்

புதுச்சேரி இந்தப் பொதுக் கதையிலிருந்து பிரிகிற இடம் இது. 1881 செப்டம்பர் 21 அரசாணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' ஆனார்கள். அவர்களில் பலர் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் சொல்தாக்களாகவும் (படைவீரர்கள்) அன்றைய பிரெஞ்சு வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். சீனர் முதலான ஆசிய அந்நியரைப் பதிந்து கண்காணிக்கச் சைகோனில் தனிக் குடியேற்ற அலுவலகம் இருந்தது. பிரெஞ்சுக் குடிமகனாகப் போன புதுச்சேரிக்காரர் அந்த வாசலில் நிற்க வேண்டியதில்லை. படையில் சேர்ந்தவரைப் படை மருத்துவர் பார்த்தார்தான், ஆனால் அது வேலைக்கான சோதனை, நாட்டுக்குள் நுழைவதற்கானது அல்ல. ஒரே தெருவில் பிறந்த இருவரில் ஒருவர் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்க, மற்றவர் தொப்பியோடு நேரே நடந்து போனார்.

1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதத் தவணை தரப்பட்டது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பாரிசுக்குப் போக எந்த மருத்துவரின் முத்திரையும் வேண்டாம். அவர்களைக் கட்டிக்கொண்டு இந்தியக் குடிமக்களாகப் போகும் மருமகன்களும் மருமகள்களும் மட்டும் அந்நியர் கணக்கில் வந்தார்கள். 1945இல் பிரான்சு அமைத்த தேசியக் குடியேற்ற அலுவலகமும், பெயர் மாறி மாறி 2009 முதல் ஓஃபீ என்று வழங்கும் அதன் வாரிசும் அந்நியருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தன. காசநோய்தான் முதல் கவலை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தக் கட்டாயம் பெரிதும் தளர்ந்தது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் விலக்கில்லாத ஒரு விதி உண்டு: பிரெஞ்சு கயானாவுக்குப் போக எந்த நாட்டவர் ஆனாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று காட்ட வேண்டும். கொசு குடியுரிமை பார்ப்பதில்லை.

இன்று

புதுச்சேரியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 'மெடிக்கல் எடுத்தாச்சா' என்று கேட்டால் அது பெரும்பாலும் வளைகுடாவைப் பற்றிய கேள்வி. வளைகுடா நாடுகள் ஏற்ற மையங்களில்தான் எடுக்க வேண்டும். முன்பு காம்கா, இப்போது வாஃபித் என்று பெயர். மார்பு எக்ஸ்ரே, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை ஆகியவை அதில் அடங்கும். கட்டணம் போகிறவரின் பையிலிருந்து. என்றோ வந்து ஆறிய காசநோயின் வடு எக்ஸ்ரேயில் நிழலாக விழுந்தாலே 'அன்ஃபிட்'. இன்று தொற்றே இல்லை என்று உள்ளூர் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அங்கே எடுபடாது. ஏஜென்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வருவது அவரவர் அதிர்ஷ்டம்.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் கேள்வி வேறு: இவரால் நம் மருத்துவச் செலவு எவ்வளவு கூடும்? இங்கேதான் எடை மேடைக்கு வருகிறது. உயரமும் எடையும் மருத்துவச் சோதனைப் படிவத்திலேயே குறிக்கப்படுகின்றன. எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் உடல் நிறை எண், பெல்ஜியத்துக் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியைக் காண வகுத்த கணக்கு. அதற்கு இன்றைய பெயர் 1972இல் வந்தது. நியூசிலாந்தில் அந்த எண் 35ஐத் தாண்டினால் மேல்விசாரணை உண்டு. 2013இல் பருமனைக் காரணம் காட்டி விசா மறுத்தது உலகச் செய்தியானது. அமெரிக்கப் படிவத்திலும் எடைக்குக் கட்டம் உண்டு.

தமிழ் உடம்புக்கு இந்த அளவுகோல் சரியாகப் பொருந்துவதில்லை. ஆசியருக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் எழுதியது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நம்மூர் ஐம்பது வயதுக்காரருக்கு அந்த எண் 26தான் வரும், சர்க்கரையோ உச்சத்தில் இருக்கும். எடை மேடையைச் சுலபமாகத் தாண்டிவிடும் அவரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ரத்தச் சோதனைதான் நிறுத்துகிறது. நியூசிலாந்துப் பட்டியலில் அந்தச் சோதனையும் இருக்கிறது.