ஜான்சி ராணிப் படை

சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய பெண்கள் காலாட்படை இது. இந்திய தேசிய இராணுவத்தின் ஓர் அங்கம். பெண்களைத் தாதியராக மட்டும் வைத்துக்கொள்ளாமல், துப்பாக்கி ஏந்திப் போரிடுவதற்கென்றே சேர்த்தது இதன் தனிச்சிறப்பு.

தளபதி லட்சுமி சுவாமிநாதன், சென்னையில் மருத்துவம் படித்து 1940-இல் சிங்கப்பூருக்கு வந்தவர். 1943 ஜூலை 12 அன்று நடந்த மகளிர் கூட்டத்தில், அவர் திரட்டிய 20 பெண்கள் போஸுக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தார்கள். உடுத்தியிருந்தது சேலை, கையில், ஆண் வீரர்களிடம் இரவல் வாங்கிய .303 துப்பாக்கிகள். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. இன்று அங்கே கிருஷ்ணன் கோயிலுக்குப் பூ வாங்கிக்கொண்டு போகும் பெண்களைப் பார்க்கலாம். அன்று அதே தெருவில் படையில் சேர்ந்த பெண்கள் சடையை வெட்டிக்கொண்டு, காக்கிக் கால்சட்டை போட்டுக் கவாத்துப் பழகினார்கள்.

படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். உழைப்பு அவர்களுக்குப் புதிதல்ல. விடியுமுன் எழுந்து ஆண்களோடு பால்மரம் சீவியவர்கள்தான். ஆனால் அந்த வேலைக்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி ஆண்களுடையதைவிடக் குறைவு. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகாமில்தான் பாடம் கிடைத்தது, சீருடை கிடைத்தது, பதவி உயர்வுக்கு வழி பிறந்தது. இவர்கள் தம் கதையை எழுதி வைக்காததால், வசதியான வீட்டிலிருந்து வந்த சிலரின் பெயர்களே வரலாற்றில் முன்னிற்கின்றன. அது பெரிய இழப்பு.

கோலாலம்பூரின் ஜானகி தேவர் அப்படி வசதியான வீட்டிலிருந்து வந்தவர். போஸின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே நகைகளைக் கழற்றிக் கொடுத்து, பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார்.

படை 1944-இல் பர்மாவுக்குச் சென்றது. போர்முனையில் இறங்க வாய்க்கவில்லை. மருத்துவமனைகளில் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில் நடந்தார்கள். ரயில்மீது நடந்த தாக்குதலில் இருவர் உயிரிழந்தனர். போர் முடிந்ததும் படை கலைந்தது.

ஜானகி பின்னர் மலேசிய மேலவை உறுப்பினரானார். பதினாறு வயதில் துப்பாக்கி ஏந்திய இலங்கைத் தமிழ்ப் பெண் ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, 1960-இல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கம் அமைத்து, ஆண்களுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடினார்.