சுவருக்குள் ஒளிந்திருக்கும் ராவல்பிளக்

கனமான அலமாரியைச் சுவரில் மாட்ட 'பிரெஞ்சு கிளீட்' என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு பலகையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுக்கவேண்டும். ஒரு பாதியைச் சுவரிலும், மறு பாதியைத் தலைகீழாக அலமாரியின் முதுகிலும் திருகிவிட்டால், ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அலமாரியின் எடையே அதைச் சுவரோடு சேர்த்து இழுக்கும். நல்ல யோசனைதான்! ஆனால் சுவரில் இருக்கும் பாதியை யார் பிடித்துக்கொள்வது?

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் சுவருக்குள் மரச்சட்டங்கள் இருக்கும். ஸ்க்ரூ அதைக் கடித்துக்கொள்ளும். செங்கல் சுவரில் கதை வேறு. முறுக்க முறுக்கத் தூள்தான் கொட்டும். அதனால் முன்பெல்லாம் உளியால் பெரிய குழி குடைந்து, மர ஆப்பை அடித்து, அதில்தான் ஸ்க்ரூவை இறக்கினார்கள். சுவரும் பாழ். மரம் காய்ந்து சுருங்கினால் ஆப்பும் ஆடிவிடும்.

இந்தச் சிக்கல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பெரிதாக எழுந்தது. சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தவேண்டும். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 1911-ல் இதற்கு வழி கண்டார். சணல் நாரை விலங்கு ரத்தத்தால் ஒட்டிச் செய்த சின்னக் குழாய்! சிறு துளையில் அதைச் செருகி ஸ்க்ரூவை முறுக்கினால், நார் விரிந்து துளையின் சுற்றுப்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். 1919-ல் கம்பெனியே 'ராவல்பிளக்' என்று பெயர் மாறியது. 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் இதே வேலையை நைலானில் செய்துகாட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற மனிதர் அவர்.

வணிகவியல் மாணவனான எனக்குப் பிடித்தது இதன் அடுத்த பகுதி. 2005-ல் போலந்தின் கோல்னர் நிறுவனம் ராவல்பிளக்கை வாங்கியது. 2013-ல் தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டு, தான் வாங்கிய கம்பெனியின் பெயரையே சூடிக்கொண்டது! 'குட்வில்' என்று பேலன்ஸ் ஷீட்டில் எழுதுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? எந்தக் கம்பெனி பிளக்காக இருந்தாலும் 'ராவல்பிளக்' என்று கேட்டு வாங்கும் எலக்ட்ரீசியன்கள் நம் ஊரிலும் உண்டு.

கிளீட் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக் மேல்பூச்சோடு நின்றுவிடக்கூடாது, செங்கல்லுக்குள் இறங்கவேண்டும். பூச்சை மட்டும் நம்பினால் என்றாவது ஒருநாள் அலமாரி, பூச்சையும் பெயர்த்துக்கொண்டு கீழே வரும். அப்போது கீழே யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாதே!