ஸ்டார்ம் ஷாடோ (ஏவுகணை)

ஸ்டார்ம் ஷாடோ என்பது வானூர்தியிலிருந்து ஏவப்படும் நெடுந்தொலைவுச் சீர்வேக ஏவுகணை (குரூஸ் ஏவுகணை) ஆகும். ஐக்கிய இராச்சியமும் பிரான்ஸும் இணைந்து உருவாக்கிய இந்த ஏவுகணை பிரான்ஸில் ஸ்கால்ப் என்று அழைக்கப்படுகின்றது. ஸ்டார்ம் ஷாடோ என்ற ஆங்கிலப் பெயருக்குப் "புயல் நிழல்" என்பது பொருள். எம்பிடிஏ நிறுவனம் இதன் தயாரிப்பாளர் ஆகும். 2003 ஆம் ஆண்டு ஈராக் போரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட இது, பின்னர் லிபியா, சிரியா, உக்ரைன் ஆகிய நாடுகளில் நடந்த போர்களிலும் பயன்படுத்தப்பட்டது.

நிலத்தடி அரண்கள், கட்டளை மையங்கள், பாலங்கள், வான்படைத் தளங்கள், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் போன்ற இலக்குகளைத் தாக்குவதே இதன் பணி. இதனை ஏவும் விமானி எதிரியின் வான் பாதுகாப்பு எல்லைக்குள் நுழைய வேண்டியதில்லை.

பின்னணி

எறியப்பட்ட கல்லைப் போல வளைகோட்டுப் பாதையில் சென்று விழுவது எறிகணை வகை ஏவுகணை. சீர்வேக ஏவுகணை அவ்வாறன்றி, இறக்கையும் தாரை இயந்திரமும் கொண்ட ஆளில்லாச் சிறு வானூர்தியைப் போல இலக்கு வரை பறந்து செல்வது. இரண்டாம் உலகப் போரின்போது 1944 ஆம் ஆண்டில் ஜெர்மனி இலண்டன் மீது ஏவிய வி-1 இவ்வகையின் முன்னோடி ஆகும். வி-1 பெரும்பாலும் தரையிலிருந்தே ஏவப்பட்டதெனினும், அதே ஆண்டில் ஹைன்கல் குண்டுவீச்சு வானூர்திகளிலிருந்தும் ஏவப்பட்டது. ஆகவே வானூர்தியிலிருந்து சீர்வேக ஏவுகணையை ஏவும் முறை பலர் எண்ணுவதைவிடப் பழையது.

பனிப்போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்கா அணு வெடிமுனை பொருத்திய ஏஜிஎம்-86 ஏவுகணையை பி-52 வானூர்திகளுக்காக உருவாக்கியது. இதன் அணுசாரா வடிவம் 1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் முதல் நாள் இரவில் பயன்படுத்தப்பட்டது. லூசியானா மாநிலத்திலிருந்து புறப்பட்ட ஏழு பி-52 வானூர்திகள் 35 ஏவுகணைகளை ஈராக் மீது ஏவிவிட்டு, ஏறத்தாழ 35 மணிநேரப் பறப்பின் பின் தளம் திரும்பின. அதே போரில் ஐக்கிய இராச்சியத்தின் டொர்னாடோ வானூர்திகள் ஈராக்கிய வான்படைத் தளங்களின் மேல் மிகத் தாழ்வாகப் பறந்து தாக்கின. சில டொர்னாடோக்கள் இழக்கப்பட்டன. விமானிகள் சிலர் இறந்தனர், சிலர் சிறைப்பட்டனர். காவலுள்ள இலக்கின் மேல் விமானியை நேரே அனுப்புவதற்கு மாற்று வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

பிரான்ஸின் மாத்ரா நிறுவனம் அப்போது ஓடுபாதைகளை அழிப்பதற்காக அபாச்சே என்ற ஏவுகணையை உருவாக்கி வந்தது. அதன் உடலமைப்பை அடிப்படையாகக் கொண்டு, சிறு குண்டுகளுக்குப் பதிலாக ஒரே பெரிய வெடிமுனையையும் கூடுதல் தொலைவையும் கொண்டதாக ஸ்டார்ம் ஷாடோ வடிவமைக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியம் இதனை 1996 இல் தெரிவு செய்து 1997 இல் ஒப்பந்தம் செய்தது. பிரான்ஸ் 1998 இல் 500 ஏவுகணைகளுக்குக் கோரிக்கை அளித்தது.

அமைப்பு

ஏவுகணையின் நீளம் ஏறத்தாழ 5.1 மீட்டர், எடை 1,300 கிலோகிராம். ஒரு சிறிய மகிழுந்தின் எடைக்கு இது ஒப்பாகும். மடிந்திருக்கும் இறக்கைகள் வானூர்தியிலிருந்து பிரிந்த பின் விரிகின்றன. டர்போஜெட் வகைத் தாரை இயந்திரம் இதனை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் செலுத்துகின்றது. ராடார் அலைகளை மிகக் குறைவாகவே எதிரொலிக்கும் வகையில் உடல் பட்டையான பக்கங்களுடன் அமைக்கப்பட்டுள்ளது. வீச்செல்லை 250 கிலோமீட்டருக்கு மேல் என்று மட்டுமே தயாரிப்பாளர் அறிவித்துள்ளார்.

வெடிமுனையின் எடை 450 கிலோகிராம். இதில் இரு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. முன்னே உள்ள சிறிய வெடிபொருள் மண்ணிலோ கற்காரையிலோ துளையிடுகின்றது. பின்னே உள்ள பெரிய வெடிபொருள் அத்துளை வழியே உட்புகுந்து, முன்கூட்டியே குறிக்கப்பட்ட கால இடைவெளிக்குப் பின் வெடிக்கின்றது. தடித்த கூரையை நம்பி உள்ளே இருப்போருக்கு அக்கூரை காப்பாவதில்லை.

செயற்பாடு

இந்த ஏவுகணையின் வேலையில் பெரும்பகுதி ஏவுவதற்கு முன்பே தரையில் முடிந்துவிடுகின்றது. இலக்கின் அமைவிடம், செல்ல வேண்டிய பாதை, வழியிலுள்ள மலைகளும் பள்ளத்தாக்குகளும், எதிரியின் ராடார்கள் இருக்கும் இடங்கள், இலக்கின் தோற்றம் ஆகிய அனைத்தும் செயற்கைக்கோள் படங்களிலிருந்தும் உளவுத் தகவல்களிலிருந்தும் தொகுக்கப்பட்டு ஏவுகணையின் கணினியில் ஏற்றப்படுகின்றன. ஏவிய பின் அது தாழ இறங்கி, தரையிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்திலேயே பறக்கின்றது. தன் இடத்தை அறிய ஜிபிஎஸ், நிலைம வழிகாட்டல், நில அமைப்பை வரைபடத்துடன் ஒப்பிடும் முறை ஆகிய மூன்றையும் பயன்படுத்துகின்றது. எதிரி ஜிபிஎஸ் சைகைகளைக் குழப்பினாலும் ஏனைய இரண்டும் எஞ்சியிருக்கும்.

இலக்கை நெருங்கியதும் ஏவுகணை திடீரென மேலெழுந்து, தன் மூக்கு மூடியைக் கழற்றி எறிகின்றது. உள்ளிருக்கும் அகச்சிவப்புப் படக்கருவி கீழே தெரியும் காட்சியைக் கணினியிலுள்ள படத்துடன் ஒப்பிடுகின்றது. இரண்டும் பொருந்தினால் ஏவுகணை செங்குத்தாகப் பாய்ந்து தாக்கும். பொருந்தாமல், பக்கத்தில் உள்ளவற்றுக்குச் சேதம் விளையும் வாய்ப்பு மிகுந்திருந்தால், முன்பே குறித்து வைத்த வேறோர் இடத்துக்குச் சென்று விழும்படி அமைக்கலாம்.

ஏவப்பட்ட பின் இதனைத் திரும்ப அழைக்கவோ, இலக்கை மாற்றவோ, நடுவானில் அழிக்கவோ இயலாது. மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகம் எனக் கொண்டால் 250 கிலோமீட்டரைக் கடக்க 15 நிமிடங்கள் ஆகும். அந்த 15 நிமிடங்களில் கட்டடத்துக்குள் யார் நுழைகின்றார்கள், யார் வெளியேறுகின்றார்கள் என்பது ஏவுகணைக்குத் தெரியாது. படக்கருவி கட்டடத்தை அடையாளம் காணுமே தவிர, உள்ளிருக்கும் மனிதரை அல்ல. இது மிகத் துல்லியமான ஆயுதம் என்பது உண்மையே. எனினும் அத்துல்லியம் இலக்கைத் தெரிவு செய்தவர்களின் தகவல் எவ்வளவு சரியோ அவ்வளவுக்கே பயன்தரும். நகர்ந்துகொண்டிருக்கும் வாகனங்களைத் தாக்க இது ஏற்றதன்று.

போர்ப் பயன்பாடு

2003 மார்ச்சில் ஐக்கிய இராச்சிய வான்படையின் 617 ஆம் படையணி டொர்னாடோ வானூர்திகளிலிருந்து இதனை ஈராக்கில் முதன்முறையாக ஏவியது. 1943 இல் ஜெர்மனியின் அணைகளைத் தகர்த்ததும் இதே படையணியே. அப்போரில் மொத்தம் 27 ஏவுகணைகள் பயன்படுத்தப்பட்டன. 2011 மார்ச்சில் இங்கிலாந்தின் மார்ஹம் தளத்திலிருந்து புறப்பட்ட டொர்னாடோக்கள் லிபியாவைத் தாக்கிவிட்டு 3,000 மைல் தொலைவைக் கடந்து தளம் திரும்பின. பிரான்ஸும் இத்தாலியும் கூட அப்போரில் இந்த ஏவுகணையைப் பயன்படுத்தின.

சிரியாவின் டூமா நகரில் 2018 ஏப்ரல் 7 ஆம் நாள் நிகழ்ந்த வேதித் தாக்குதலை அடுத்து, ஏப்ரல் 14 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், பிரான்ஸ் ஆகியன 105 ஏவுகணைகளை ஏவின. அவற்றுள் எட்டு ஸ்டார்ம் ஷாடோ, ஒன்பது ஸ்கால்ப். இவை ஹோம்ஸ் நகருக்கு அருகிலிருந்த கிடங்கையும் நிலத்தடி அரணையும் நோக்கி ஏவப்பட்டன.

இந்த ஏவுகணையின் பெயரை உலகம் பரவலாக அறிந்தது உக்ரைன் போரினால்தான். 2023 மே 11 ஆம் நாள் ஐக்கிய இராச்சியப் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் இதனை உக்ரைனுக்கு வழங்குவதை நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தினார். ஸ்கால்ப் ஏவுகணைகளை வழங்குவதாக அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸ் அறிவித்தது. உக்ரைனிடம் இருந்த சோவியத் காலத்துச் சு-24 வானூர்திகளுக்கும் மேற்கத்திய ஏவுகணைக்கும் எவ்விதப் பொருத்தமும் இல்லை. டொர்னாடோவில் பயன்பட்ட தாங்கிகளைச் சு-24 இன் இறக்கையில் பொருத்தி இச்சிக்கலைத் தீர்த்தனர். தேவையான தகவல்கள் தரையிலேயே ஏற்றப்பட்டுவிடுவதால், சுமந்து செல்லும் வானூர்தி நவீனமானதாக இருக்க வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

2023 மே மாதத்தில் லுகான்ஸ்க் நகரத் தொழிற்சாலைகளை ஸ்டார்ம் ஷாடோ தாக்கியதாகவும், சிறுவர்கள் உட்படப் பொதுமக்கள் காயமுற்றதாகவும் ரஷ்யா கூறியது. ஜூன் மாதத்தில் கிரிமியாவைப் பெருநிலத்துடன் இணைக்கும் சோங்கர் பாலம் சேதமடைந்தது. செப்டம்பர் 13 ஆம் நாள் செவஸ்தபோல் துறைமுகத்தின் உலர்துறையில் பழுது பார்க்கப்பட்டுக் கொண்டிருந்த மின்ஸ்க் என்ற தரையிறக்கக் கப்பலும் ரஸ்தோவ்-நா-தனு என்ற நீர்மூழ்கியும் தாக்கப்பட்டன. உலர்துறையில் நிற்கும் கப்பல் ஒரு கட்டடத்தைப் போன்றே அசையாதது. செப்டம்பர் 22 ஆம் நாள் ரஷ்யாவின் கருங்கடல் கடற்படைத் தலைமையகக் கட்டடம் தாக்கப்பட்டது. கடற்படைத் தளபதி அதில் இறந்ததாக உக்ரைன் அறிவித்தது. ஆனால் அவர் கூட்டமொன்றில் பங்குகொள்ளும் காட்சியை ரஷ்யா சில நாட்களில் வெளியிட்டது. இத்தாக்குதல்களுக்குப் பின் கருங்கடல் கடற்படையின் பல கப்பல்கள் கிழக்கேயுள்ள நவரசீஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தப்பட்டன.

அனுமதிச் சிக்கல்

ஏவுகணை உக்ரைனின் கையில் இருந்தாலும் அதனை எங்கே ஏவலாம் என்பதை உக்ரைன் மட்டும் முடிவு செய்யவில்லை. உக்ரைனின் எல்லைக்குள் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையுடனேயே இது வழங்கப்பட்டது. கிரிமியா பன்னாட்டுச் சட்டப்படி உக்ரைனுக்கு உரியது என்பதால் செவஸ்தபோல் தாக்குதல்கள் இந்நிபந்தனைக்கு உட்பட்டன. எல்லைக்கு அப்பால் உள்ள ரஷ்ய வான்தளங்களிலிருந்தே தன் நகரங்கள் தாக்கப்படுகின்றன என்பது உக்ரைனின் முறையீடு. நெடுந்தொலைவு மேற்கத்திய ஏவுகணைகள் ரஷ்யாவுக்குள் ஏவப்பட்டால் நேட்டோ நாடுகள் நேரடியாகப் போரில் இறங்கியதாகவே பொருள் என்று 2024 செப்டம்பரில் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் எச்சரித்தார்.

2024 நவம்பர் 20 ஆம் நாள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் ஸ்டார்ம் ஷாடோ முதன்முறையாக ஏவப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மறுநாளே ரஷ்யா ஒரேஷ்னிக் என்ற புதிய இடைத்தூர ஏவுகணையை உக்ரைனின் நிப்ரோ நகர் மீது ஏவியது. அமெரிக்க, பிரித்தானிய ஏவுகணைகளின் பயன்பாட்டுக்கு இது பதில் என்று புதின் கூறினார்.

பிற நாடுகள்

இத்தாலி, கிரேக்கம், சவூதி அரேபியா, கத்தார், எகிப்து ஆகிய நாடுகளும் இதனை வாங்கியுள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு பிளாக் ஷாஹீன் என்ற பெயரில் விற்கப்பட்டபோது, ஏவுகணைத் தொழினுட்பக் கட்டுப்பாட்டு உடன்பாட்டைக் காட்டி ஐக்கிய அமெரிக்கா ஆட்சேபித்தது. 1987 இல் ஏற்பட்ட அவ்வுடன்பாடு, 500 கிலோகிராம் சுமையை 300 கிலோமீட்டருக்குக் கொண்டு செல்லக்கூடிய ஏவுகணைகளின் ஏற்றுமதியைக் கடுமையாக வரையறுக்கின்றது. இந்தியா 2016 இல் வாங்க ஒப்பந்தம் செய்த 36 ரபேல் வானூர்திகளுடன் ஸ்கால்ப் ஏவுகணையையும் பெற்றது. 2025 மே 7 ஆம் நாள் பாகிஸ்தானில் உள்ள இலக்குகள் மீது இந்தியா நடத்திய தாக்குதலில் இது பயன்படுத்தப்பட்டதாக ஊடகங்கள் தெரிவித்தன.

ஐக்கிய இராச்சியத்தின் டொர்னாடோக்கள் 2019 இல் ஓய்வு பெற்றன. அதற்கு முன்பே டைஃபூன் வானூர்திகள் இதனைச் சுமக்கும்படி மாற்றியமைக்கப்பட்டன. உக்ரைனுக்கு வழங்கியதால் குறைந்த இருப்பை ஈடுசெய்ய மேலும் ஏவுகணைகளை வாங்குவதென 2025 ஜூலையில் ஐக்கிய இராச்சியமும் பிரான்ஸும் முடிவு செய்தன. இதற்கு அடுத்த தலைமுறை ஏவுகணையையும் இரு நாடுகளும் இணைந்தே உருவாக்கி வருகின்றன.